டீசல் எஞ்சினின் இயல்பு

எங்கள் படப்பையை அடுத்த ஒரகடத்தில் இன்று வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பெட்ரோல் எஞ்சினை நீக்கி டீசல் எஞ்சினைப் பொருத்தும் வேலையோ அவற்றினும் மூத்தது. 1937-இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்க்கின்ஸ் பி6 எஞ்சின் பல பெட்ரோல் லாரிகளில் இவ்வாறு இடம் பெற்றது. சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனமும் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செய்தது.

மாணவ நண்பர்களே, வீட்டிலேயே சிறு சரக்கு வண்டிக்குப் பழைய டீசல் எஞ்சினைப் பொருத்த விரும்புவோர் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும் என்பேன். பெட்ரோலைத் தீப்பொறி எரிக்கிறது. டீசல் எஞ்சினிலோ, காற்று பெரும்பாலும் 16 முதல் 22-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. சிலிண்டர் தேய்ந்திருப்பின் காற்றுக் கசியும், போதிய சூடு பிறவாது, எஞ்சினும் கிளம்பாது. ஆதலால் வாங்குமுன் அழுத்தத்தை அளந்து பார்த்தல் நன்று.

பேரழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சின் கனமானது. அக்கனத்தை முன் வில்லும் பிரேக்கும் தாங்குமா என்று ஆராய்க. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் உள்ளது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உரிய இசைவின்றி மாற்றலாகாது. ஓடும் வண்டியைவிட, வேண்டிய இடத்தில் நிற்கும் வண்டியே நல்ல வண்டி.