கடல் வண்ணமீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்: புள்ளி மறைந்தாலும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

கடலோரக் கிராமங்களில் வீட்டுத் தொட்டிகளில் கோமாளி மீன் போன்ற கடல் வண்ணமீன்களை வளர்த்து விற்பது நல்ல உபதொழில். கடலில் பிடிக்காமல், பொரிப்பகத்திலேயே குஞ்சு எடுக்கும் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. இந்நிறுவனத்துக்கு மண்டபத்திலும் ஒரு மையம் உள்ளது. இத்தொழிலில் ஒரே வாரத்தில் முதலை அழிக்கக்கூடியது ஒட்டுண்ணி. குறிப்பாக, முட்டையிடும் ஜோடி செத்துவிட்டால் அடுத்த ஜோடி உருவாகப் பல மாதங்கள் ஆகும். எனவே நோயின் போக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

நோயை அறிவது எப்படி?

மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லிலும் தொட்டிச் சுவரிலும் உடலைத் தேய்க்கும், தீவனம் எடுக்காது, வேகமாக மூச்சு வாங்கும். இதற்குக் காரணம் கிரிப்டோகேரியான் என்ற நுண்ணுயிர். இறாலுக்கு வரும் வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நன்னீர் மீன்களின் வெண்புள்ளிக்குச் செய்வது போல உப்புப் போடுவதும் தண்ணீரைச் சூடாக்குவதும் இங்கே பலன் தராது.

புள்ளிகளுக்குப் பதிலாகப் பொன்னிறத் தூள் படிந்தது போலத் தெரிந்து, ஓரிரு நாளில் மீன்கள் சாகத் தொடங்கினால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்குக் கீழே சொல்லும் முதல் இரண்டு முறைகள் போதாது. தாமதிக்காமல் மீன்வள வல்லுநரின் ஆலோசனையுடன் தாமிர சிகிச்சைக்குச் செல்லவும்.

புள்ளி ஏன் மறைகிறது?

பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் வரை இருந்து வளர்கிறது. பிறகு தானாகவே உதிர்ந்து, தொட்டியின் தரையிலும் கல்லிலும் ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. மீன் மேல் புள்ளி இல்லாததால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு கூட்டுக்குள் 200 வரை புதிய ஒட்டுண்ணிகள் உருவாகின்றன. சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் அவை வெளிவந்து மீனைத் தேடி நீந்தும். முதல் முறை பத்துப் புள்ளி என்றால், அடுத்த முறை உடல் முழுவதும் புள்ளி.

கோரைப் புல்லை மேலே அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணில் விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான் இதுவும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எளிதில் தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் ஒட்டுண்ணியை அழிக்க முடியும். எல்லாக் கூடுகளும் திறக்கும் வரை சிகிச்சை தொடர வேண்டும்.

முறை 1: தொட்டி மாற்றுதல்

மருந்துச் செலவில்லாத முறை இது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் இரண்டு ஏரேட்டர்களும் போதும்.

- முதல் நாள் நோயுற்ற மீன்களை மணல், கல் எதுவும் இல்லாத தொட்டிக்கு மாற்றவும்.
- பிறகு 4, 7, 10, 13ஆம் நாட்களில் அடுத்த தொட்டிக்கு மாற்றவும். கூடுகள் திறக்கும் முன்பே மீன் இடம் மாறிவிடுவதால் ஒட்டுண்ணி பின்தங்கிவிடும். 3 நாளுக்கு மேல் ஒரே தொட்டியில் விடக்கூடாது.
- காலியான தொட்டியையும் ஏரேட்டர் குழாயையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்தவும்.
- புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழைய தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும். பழைய தண்ணீரை மீனுடன் ஊற்றக்கூடாது.

முறை 2: உப்பைக் குறைத்தல்

கடல்நீரின் உப்பு சுமார் 34 பி.பி.டி. அதை 16 பி.பி.டி. அளவுக்குக் குறைத்தால் மீன் தாங்கும், ஒட்டுண்ணி பெருகாது. 100 லிட்டர் தொட்டி என்றால், முதல் நாள் காலை 20 லிட்டர், மாலை 20 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு குளோரின் நீக்கிய நன்னீர் ஊற்றவும். மறுநாள் காலை 20 லிட்டர், மாலை 8 லிட்டர் மாற்றினால் ஏறக்குறைய 16 வந்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் தினமும் அளக்கவும். 20 பி.பி.டி.யில் நிறுத்தினால் பலனில்லை. குறைந்தது 3 வாரம் இதே நிலையில் வைத்து, பிறகு பல நாட்களில் சிறிது சிறிதாக உப்பை ஏற்றவும். அனிமோன், சங்கு, இறால் போன்றவை இதைத் தாங்காது. மீன்களைத் தனித் தொட்டியில் வைத்தே செய்ய வேண்டும்.

முறை 3: தாமிரம்

போர்டோ கலவைக்குப் பயன்படும் அதே மயில் துத்தம்தான். ஆனால் இங்கே அளவு மிக மிகக் குறைவு. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லி கிராம் தாமிரம் மட்டுமே இருக்க வேண்டும். கண் மதிப்பில் ஒரு சிட்டிகை போட்டாலும் மீன் செத்துவிடும்.

சுத்தமான காப்பர் சல்பேட் 4 கிராமை 1 லிட்டர் வடிநீரில் கரைத்தால், அதில் 1 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லி கிராம் தாமிரம் இருக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு 15 மில்லி லிட்டர் கரைசலை இரண்டு, மூன்று நாட்களில் பிரித்து ஊற்றவும். தினமும் தாமிரப் பரிசோதனை கிட்டில் பார்த்து, அளவைக் குறைந்தது 3 வாரம் காக்கவும். கிட் இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம். மணல், பவளக் கல், சிப்பி ஆகியவை தாமிரத்தை உறிஞ்சிவிடும், எனவே வெறும் தொட்டியே தேவை. உப்பைக் குறைத்த தண்ணீரில் தாமிரம் போடக்கூடாது. பயன்படுத்திய தண்ணீரைக் கடலிலோ வாய்க்காலிலோ விட வேண்டாம்.

பழைய தொட்டியை என்ன செய்வது?

மீன் குணமானதும் அதே தொட்டியில் விட்டால் நோய் திரும்பும். வளர்ப்புத் தொட்டி என்றால் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, வெயிலில் காயவிடவும். கல், அனிமோன் உள்ள தொட்டியில் குறைந்தது 6 வாரம் மீனே இருக்கக்கூடாது. மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி தானே அழியும்.

வருமுன் காப்போம்

புதிதாக வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் 4 வாரம் வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களுடன் சேர்க்கவும். தொட்டிக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளவும். கடலிலிருந்து உயிருள்ள பவளப்பாறை எடுத்து வர வேண்டாம். அது நோயைக் கொண்டுவரும், சட்டப்படி குற்றமும் ஆகும். சிகிச்சையில் இருக்கும் மீனை, புள்ளி மறைந்துவிட்டது என்று விற்க வேண்டாம். வாங்கியவரின் தொட்டி முழுவதும் செத்தால், அவர் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார்.