குக்கருக்கு வயது முந்நூறுக்கு மேல்

நேயர்களே, பருப்புக்கு எத்தனை விசில் என்று எண்ணிக்கொண்டே வானொலி கேட்கிறீர்களா? அந்தக் குக்கரின் மூதாதையை 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டியவர், டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் வேகவைத்தது எலும்பை! கெட்டி எலும்பும் அதில் மெத்தென்று ஆகிவிட்டதாம். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வின் வாரிசுதான் நம் குக்கர் வெயிட்.

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, வற்றத்தான் செய்யும். ஆவியை அடைத்துவைத்தால் கொதிநிலை சுமார் 120 டிகிரி வரை ஏறும். கொண்டைக்கடலைகூட அப்போது சொன்ன பேச்சு கேட்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சோறு வேக நேரமாகும். மலையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் குக்கரின் அருமையைச் சொல்வார்கள்.

உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டதும், மிஞ்சிய ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் விசில். எனவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, நிமிடக் கணக்கில் வேகவிடுங்கள், கேஸ் மிச்சமாகும். மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் உட்காரும் குழாயின் துவாரம் தெரிகிறதா என்று பாருங்கள். பருப்புத் தோலோ சோற்றுப் பருக்கையோ அடைத்திருந்தால், ஊசியால் குத்தி எடுத்துக் கழுவிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.