கால் கிலோ கறி, ஆறு பேர் சாப்பாடு

கால் கிலோ கறி. வீட்டில் ஆறு பேர். எல்லோருக்கும் போதுமா?

குழம்பு வைத்தால் போதாது. கால் கிலோவில் சில துண்டுகள்தான் இருக்கும். அதிலும் எலும்பு சேர்ந்திருக்கும். நல்ல துண்டுகள் முதலில் சாப்பிடுகிற ஆண்களின் தட்டுக்குப் போகும். அடுத்து பிள்ளைகள் சாப்பிடுவார்கள். பல வீடுகளில் பெண்கள்தான் கடைசியில் உட்காருகிறார்கள். அப்போது சட்டியில் என்ன இருக்கும்? கொஞ்சம் குழம்பு இருக்கும். ஓர் எலும்பு கிடக்கும்.

அதே கால் கிலோ கறியை ஆறு பேருக்கும் சமமாகக் கொடுக்க முடியும். அதற்கு உருளைக்கிழங்கு துணைக்கு வர வேண்டும். இந்தியாவில் பல ஊர்களில் இந்த வழி பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பண்டத்தின் பெயர் உருளைக்கிழங்கு சாப்.

சாப் என்றால் என்ன?

வேகவைத்த உருளைக்கிழங்கை மசிக்க வேண்டும். அதைக் கிண்ணம் போலக் குழிக்க வேண்டும். வதக்கிய கொத்துக்கறியை நடுவில் வைத்து மூட வேண்டும். வடை போலத் தட்டி, கல்லில் போட்டுச் சிவக்க எடுக்க வேண்டும். இதுதான் சாப்.

சாப் என்பது ஆங்கிலச் சொல். எலும்போடு வெட்டிய கறித் துண்டு என்று அதற்குப் பொருள். இந்தப் பண்டத்தில் எலும்பு கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கோவாவில் கிறிஸ்தவர் வீடுகளில் இதை அடிக்கடி செய்கிறார்கள். அங்கே சாப்பின் மேல் ரவை தடவுவது வழக்கம். ரவை பொரிந்து மொறுமொறுப்பாக இருக்கும். கொல்கத்தாவில் கறி வைத்த சாப்புக்கு 'மாங்ஷேர் சாப்' என்று பெயர். 'மாங்ஷோ' என்றால் வங்காள மொழியில் கறி. அங்கே முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மாலை நேரத்தில் கடைகளிலும் விற்கிறார்கள்.

ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் இது பழைய பண்டம். அவர்களில் பலர் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். மேற்கு வங்காளத்தின் கரக்பூர், தமிழ்நாட்டின் போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில் வாழ்ந்தவர்கள். சோறு, மிளகு ரசம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாப். இது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. மழை நாளில் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது?

உருளைக்கிழங்கு இந்த நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மக்கள்தான் இதை முதலில் பயிரிட்டார்கள். ஐரோப்பியர் அதைக் கப்பலில் கொண்டு போனார்கள். அவர்கள் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. மும்பையிலும் கோவாவிலும் இதற்கு 'பட்டாட்டா' என்று பெயர். அது போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல். இந்தியில் 'ஆலு' என்கிறார்கள்.

இன்று உலகில் உருளைக்கிழங்கு அதிகம் விளையும் நாடு சீனா. அடுத்தது இந்தியா. உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் மிக அதிகமாக விளைகிறது. 1949இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாட்னாவில் தொடங்கியது. 1956இல் அது சிம்லாவுக்கு மாறியது. அங்கே உருவான ரகங்களின் பெயர்கள் 'குஃப்ரி' என்று தொடங்கும். குஃப்ரி என்பது சிம்லாவுக்கு அருகில் உள்ள ஊர். குஃப்ரி ஜோதி என்ற ரகம் 1968இல் வந்தது.

வேண்டிய பொருள்கள்

இது ஆறு பேருக்கு உரிய அளவு. 12 சாப் வரும்.

உருளைக்கிழங்கு – 1 கிலோ
கொத்துக்கறி – கால் கிலோ
பெரிய வெங்காயம் – 3
பச்சை மிளகாய் – 3
இஞ்சி – ஒரு சிறு துண்டு
பூண்டு – 6 பல்
மஞ்சள் தூள் – அரை தேக்கரண்டி
மிளகுத் தூள் – 1 தேக்கரண்டி
எலுமிச்சம்பழம் – அரை மூடி
கொத்தமல்லித் தழை – ஒரு கைப்பிடி
முட்டை – 2
ரவை அல்லது ரொட்டித் தூள் – 1 கிண்ணம்
எண்ணெய், உப்பு – தேவையான அளவு

ஆடு, கோழி, மாடு, எந்தக் கறியும் ஆகும். அவரவர் வீட்டு வழக்கம் எதுவோ அதை வாங்கலாம்.

பார்த்து வாங்குங்கள்

கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும். தோலில் பச்சை நிறம் இருந்தால் வாங்க வேண்டாம். வெளிச்சத்தில் கிடந்த கிழங்கு பச்சையாக மாறும். அப்போது அதில் சொலானின் என்ற நச்சுப்பொருளும் கூடும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. வயிற்று வலி, வாந்தி வரலாம். முளை அதிகம் விட்ட கிழங்கும் வேண்டாம். வீட்டில் கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

புதுக் கிழங்கில் ஈரம் அதிகம். சாப்புக்குப் பழைய கிழங்கு நல்லது. அது மாவு போல மசியும்.

கறியை உங்கள் கண் முன்னால் கொத்தித் தரச் சொல்லுங்கள். கறியில் கிருமி இருந்தால் பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எல்லாம் கலந்துவிடும். அதனால் கொத்துக்கறி சீக்கிரம் கெடும். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். கறி தொட்ட கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் பிறகு மற்ற வேலையைத் தொடுங்கள்.

செய்யும் முறை

1. கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள். தோலோடு வெந்தால் உள்ளே தண்ணீர் ஏறாது. சத்தும் அதிகம் வீணாகாது.

2. தண்ணீரை வடித்துவிடுங்கள். சூடு இருக்கும்போதே தோலை உரித்து மசியுங்கள். ஆறினால் கட்டி விழும். உப்புச் சேர்த்து ஆற வையுங்கள்.

3. சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நசுக்கிப் போடுங்கள். பிறகு மஞ்சள் தூள், மிளகுத் தூள் சேருங்கள்.

4. கொத்துக்கறியைப் போட்டுக் கிளறுங்கள். கட்டி இல்லாமல் உதிர்த்துவிடுங்கள். உப்புப் போட்டு மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். ஆட்டுக்கறி வேக 20 முதல் 25 நிமிடம் ஆகும். கறியில் சிவப்பு நிறம் துளியும் இருக்கக் கூடாது. தண்ணீர் சுண்டிப் பொலபொலவென்று ஆக வேண்டும்.

5. இறக்கி, எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் கலந்து ஆற வையுங்கள்.

6. மசித்த கிழங்கை 12 உருண்டையாகப் பிடியுங்கள். கறியையும் ஒரு தட்டில் 12 பங்காகப் பிரித்து வையுங்கள். இதைக் கண்ணால் பார்த்து முதலிலேயே செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சாப்பில் கறி நிறைய இருக்கும். கடைசிச் சாப்பில் கிழங்கு மட்டும்தான் இருக்கும்.

7. உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். உருண்டையைக் குழித்து, கறியை வைத்து மூடுங்கள். மெல்லத் தட்டுங்கள்.

8. அடித்த முட்டையில் தோய்த்து ரவையில் புரட்டுங்கள். தோசைக் கல்லில் எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க வேகவிடுங்கள். ஓரங்களிலும் முட்டை நன்றாக வேக வேண்டும்.

சாப் ஏன் உடைகிறது?

முதல் தடவை செய்கிறவர்களுக்குச் சாப் கல்லிலேயே உடைந்து போகலாம். அதற்குக் காரணங்கள் உண்டு.

கிழங்கில் தண்ணீர் இருந்தால் உடையும். மசித்த கிழங்கைச் சட்டியில் போட்டு ஒரு நிமிடம் சிறு தீயில் கிளறினால் ஈரம் போகும். கறியில் சாறு இருந்தாலும் உடையும். அதையும் சுண்ட விட வேண்டும். கறி சூடாக இருந்தால் கிழங்கு இளகும். ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். கல் சூடாகும் முன்பு போட்டால் சாப் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் சிவக்கும் முன்பு திருப்பினாலும் உடையும். பொறுமையாகத் திருப்புங்கள்.

பணியாரக் கல்லிலும் செய்யலாம்

சாப் பிடிக்க நேரம் இல்லையா? மசித்த கிழங்கையும் வதக்கிய கறியையும் ஒன்றாகப் பிசையுங்கள். இரண்டு முட்டையை அடித்துச் சேருங்கள். குழிப்பணியாரக் கல்லில் எண்ணெய் தடவி, குழிக்கு ஒரு கரண்டி வையுங்கள். மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிடுங்கள். பிறகு திருப்பிப் போடுங்கள். எண்ணெய் குறைவாகவே செலவாகும். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதே மாதிரிக் குழிக் கல் உண்டு.

மேல்நாட்டில் இதைச் சிறு கிண்ண அச்சுகளில் வைத்து ஓவனில் சுடுவார்கள். அப்படிச் சுடுவதை மஃபின் என்பார்கள். வேலை ஒன்றுதான். பாத்திரம்தான் வேறு.

கறி சாப்பிடாதவர்கள் பட்டாணி வைக்கலாம். வெந்து மசித்த கொண்டைக்கடலையும் வைக்கலாம். முட்டை வேண்டாம் என்றால் மேலே அரிசி மாவுக் கரைசல் தடவலாம்.

ஆளுக்கு இரண்டு

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு பேருக்கு 12 சாப். ஆளுக்கு இரண்டு. ஒவ்வொரு சாப்பிலும் ஏறக்குறைய 20 கிராம் கறி. ஒருவருக்கு 40 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். அப்பாவுக்கும் அதே அளவு. அம்மாவுக்கும் அதே அளவு. மகனுக்கும் மகளுக்கும் அதே அளவு.

குழம்பில் யாருக்கு எத்தனை துண்டு போனது என்று யாரும் கவனிப்பதில்லை. சாப்பை எண்ணலாம். எண்ண முடிகிற பண்டத்தில் ஒருவர் பங்கு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். வீட்டில் யார் பசியோடு எழுந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இது சின்ன விஷயம் அல்ல. 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அது சொல்கிறது. அதே வயது ஆண்களில் 100க்கு 25 பேருக்கு இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இருக்கிறது.

ரத்தசோகை என்றால் ரத்தத்தில் சிவப்புச் சத்து குறைவது. சீக்கிரம் களைப்பு வரும். மூச்சு வாங்கும். தலை சுற்றும். கர்ப்பிணிகளுக்கு இது ஆபத்து. ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு அதில் முக்கியமானது. மாதவிலக்கில் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைகிறது. அதனால் அவர்களுக்கு அது அதிகம் வேண்டும். ஆனால் பல வீடுகளில் அவர்கள் தட்டுக்குத்தான் சத்தான உணவு குறைவாக வருகிறது.

கறியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. கொத்துக்கறியோடு கொஞ்சம் ஈரலையும் சேர்த்துக் கொத்தினால் இரும்பு இன்னும் கூடும். ஆனால் கர்ப்பிணிகள் ஈரலை அதிகம் சாப்பிடக் கூடாது. எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. அது இரும்பு உடலில் சேர உதவும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சாப் மருந்து அல்ல. களைப்பும் மூச்சு வாங்குவதும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் அங்கே கொடுக்கும் இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்.

மிஞ்சினால்

சமைத்த சாப்பை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். குளிர்பெட்டி இருந்தால் மறுநாள் வரை வைக்கலாம். சாப்பிடும் முன்பு உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாதவர்கள் அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. உங்கள் ஊரில் கால் கிலோ கறி என்ன விலை? 1 கிலோ உருளைக்கிழங்கு என்ன விலை? மற்றப் பொருள்களின் விலையையும் எழுதிக் கூட்டுங்கள். அதை 12ஆல் வகுத்தால் ஒரு சாப்பின் விலை தெரியும்.

2. உங்கள் வீட்டில் எட்டுப் பேர் என்றால் எத்தனை சாப் வேண்டும்? எவ்வளவு கிழங்கு, எவ்வளவு கறி வேண்டும்?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார்?

2. அவருக்கு எல்லாப் பண்டமும் மிஞ்சுகிறதா?

3. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட என்ன செய்யலாம்?