பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து வாங்கும் முறை

கிராம வாழ்வில் மோட்டார் சைக்கிள் இன்று ஓர் ஆடம்பரப் பொருளன்று. ஏரையும் மண்வெட்டியையும் போல அதுவும் தொழிற்கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. குலசேகரன்பட்டினத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். தேரிக்காட்டுப் பனந்தொழிலாளி கருப்பட்டியை உடன்குடிச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், முருங்கை பயிரிடுவோர் காய்களை மண்டிக்கு அனுப்புவதும், கரையில் எடுத்த மீனை உள்ளூர்க் கிராமங்களில் விற்று வருவதும், நோயுற்றவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் இரு சக்கர வண்டியிலேயே நடைபெறுகின்றன.

1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு தொழில் தொடங்கப்பட்ட காலத்தில், மோட்டார் சைக்கிள் என்பது இராணுவத்தினர், போலீசார் போன்றவர்களுக்கு உரியதாகவே கருதப்பட்டது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பின்னரும், 1985இல் குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் 100 சி.சி. வண்டிகள் வந்த பின்னருமே அது சாமானிய மக்களின் கைக்கு எட்டியது. எனினும், புதிய வண்டியின் விலை சிறு விவசாயிக்கு இன்றும் பெருந்தொகையே. ஆகையால் பலர் பழைய வண்டியை நாடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் ஒரு பருவத்து வருமானம் முழுவதையும் கொடுத்து வாங்கிய வண்டி மூன்றாம் மாதமே பட்டறையில் நின்றுவிட்டால், முதலும் போய்த் தொழிலும் கெடும். வாங்கிய கடன் மட்டுமே எஞ்சும். ஆதலின் வாங்குமுன் ஆராய வேண்டுவன யாவை என்பதை இங்கே காண்போம்.

மாற்றக் கூடியதும் மாற்ற இயலாததும்

முதலில் ஓர் அடிப்படையை மனத்திற் கொள்ளுதல் நலம். பழைய வண்டியில் குறையில்லாதிருப்பது அரிது. எனவே குறை உண்டா என்று கேட்பதைவிட, அக்குறை எத்தகையது என்று கேட்பதே முறை. டயர், பேட்டரி, செயின், பிரேக் கட்டை, விளக்கு முதலியன தேய்ந்திருப்பின் கவலை வேண்டா. அவற்றைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம், அச்செலவை விலையிலே கழித்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ் வளைந்திருத்தல், துருவால் அரிக்கப்பட்டிருத்தல், என்ஜின் உட்பகுதி தேய்ந்திருத்தல், ஆவணம் சரியாக இல்லாதிருத்தல் ஆகியவை எளிதில் தீரா. இவற்றுள் ஒன்று காணப்படினும், விலை எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டியை விட்டுவிடுதலே அறிவுடைமை. வாங்குவோர் பலர் இதற்கு மாறாகப் புதுப் பெயிண்டையும் புது இருக்கை உறையையும் பார்த்து மயங்கி, மாற்ற இயலாதவற்றை மறந்துவிடுகின்றனர்.

கடற்காற்றின் வேலை

கடலோர ஊர்களில் வண்டிக்குப் பெரும் பகை துருவே. கடற்காற்று கொண்டுவரும் உப்பு இரும்பின்மீது படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த உப்பு நீர்ப் படலம் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. ஆதலால், மேட்டு நிலத்து ஊரில் பத்தாண்டு ஓடிய வண்டியைவிடக் கடற்கரையில் ஐந்தாண்டு நின்ற வண்டி மிகுதியாகக் கெட்டிருக்கக் கூடும்.

பெட்ரோல் டேங்கின் மேற்புறத்தைப் பார்த்துத் துருவை மதிப்பிட முடியாது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். சைலன்சரின் அடிப்புறம், ஆரக்கம்பிகள் ரிம்மிற் சேருமிடம், பின்சக்கரத்தைத் தாங்கும் கவை, சேஸிஸ் குழாய்களின் பற்றவைப்பு ஆகிய இடங்களே துரு முதலில் குடிபுகும் இடங்கள். ஐயமுள்ள இடத்தைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில சமயம் செதிலாக உதிரும். பெட்ரோல் மூடியைத் திறந்து விளக்கொளியில் டேங்கின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். விளக்கு என்பது கைமின்விளக்கே. தீக்குச்சியோ பீடியோ அருகில் வருதல் கூடாது.

சேஸிஸின் தலைப்பகுதியில், அதாவது ஹேண்டில் பார் பொருந்தும் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருப்பின், விபத்துக்குப்பின் நிமிர்த்தப்பட்ட வண்டியோ என்று ஐயுற வேண்டும். வண்டிக்குப் பின்னால் சில அடி தள்ளி அமர்ந்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்றும் நோக்குக. முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பினால் அது தடையின்றித் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தோன்றினால் அங்குள்ள பேரிங் தேய்ந்துவிட்டது என்பது பொருள். இது மாற்றக் கூடிய குறையே.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தென்மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, திருவைகுண்டம், ஏரல் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. வீட்டு முற்றங்களில் நின்ற வண்டிகளும் நீரிலும் சேற்றிலும் கிடந்தன. எனவே, இவ்வட்டாரத்தில் அதற்கு முன் பதிவான எந்த வண்டியை வாங்குவோரும், அந்த இரு நாட்களில் அது எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேட்டறிதல் அவசியம்.

மூழ்கிய வண்டி என்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது. உடனே ஆயிலை மாற்றி, சக்கர பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டு, மின்கம்பி இணைப்புகளை உலர்த்தியிருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். அவ்வாறு செய்யாமல் மேற்புறத்தை மட்டும் கழுவி விற்பதே ஆபத்தானது. இருக்கையைத் தூக்கி அடியில் படிந்த வண்டலையும், முன்விளக்கின் கண்ணாடிக்குள் காணும் நீர்க்கறையையும், காற்று வடிகட்டியின் பெட்டியிலுள்ள சேற்றுக் கோட்டையும் பார்க்க. மின்கம்பி இணைப்பு ஒன்றைக் கழற்றினால் செம்பின்மீது பச்சை நிறம் பூத்திருப்பது தெரியும். என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்பது திண்ணம்.

என்ஜினைச் சோதித்தல்

என்ஜினை எப்போதும் குளிர்ந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். சூடான என்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகிவிடும். அதன் நோய் வெளியே தெரியாது. நாம் செல்லுமுன்னரே விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அது ஆறும்வரை பொறுத்திருத்தல் நன்று. கிக்கர் உள்ள வண்டியாயின், சாவியைப் போடாமல் அதனைக் கையால் மெல்ல அழுத்துக. ஓரிடத்தில் நல்ல எதிர்ப்புத் தோன்ற வேண்டும். எதிர்ப்பே இன்றி இறங்குமாயின் பிஸ்டன் ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்தபின் புகையை நோக்குக. தொடக்கத்தில் சிறிது நேரம் வெண்ணிற ஆவி வருவது இயல்பு. கரும்புகை பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும், அதனைச் சீர்செய்யலாம். நீலப்புகை இடைவிடாது வருமாயின் என்ஜின் ஆயில் எரிகிறது. அது பெருஞ்செலவுக்கு அறிகுறி. ஆனால் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஓடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றில் ஓரளவு நீலப்புகை இயல்பே. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டியாதலால், அது நீலப்புகை கக்கினால் குறையென்றே கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. சாவியைத் திருப்பியதும் அவற்றில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். அணையாமல் நிற்பதும், தொடக்கத்தில் எரியவே இல்லை என்பதும் குறைகளே. சிலர் அவ்விளக்கைத் துண்டித்து விடுவதும் உண்டு.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்புதல் தகாது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 9,000 கிலோமீட்டர் ஆகும். எட்டு ஆண்டு நாள்தோறும் உழைத்த வண்டியின் மீட்டர் 18,000 என்று காட்டுமாயின் ஐயம் எழுதல் இயல்பு. கால் மிதியின் ரப்பரும் பிரேக் மிதியும் கைப்பிடியும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதை அத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

ஓட்டிப் பார்த்தல்

தலைக்கவசம் அணிந்து, நான்கைந்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தொழிலுக்குச் சுமை ஏற்றுவோர் பின்னால் ஒருவரை அமர்த்தி ஓட்டுதல் நலம். மூன்றாம் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டியும் உடனே விரைய வேண்டும். என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிடில் கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துள்ளன. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே, குறைந்த வேகத்தில் சோதிக்க வேண்டும். திரும்பி வந்து வண்டியை ஐந்து நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்க. தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

ஆவணங்கள்

வண்டி நன்றாயிருந்தும் ஆவணம் பிழையாயின் அவ்வண்டி நம்முடையதாகாது. சேஸிஸிலும் என்ஜினிலும் பொறித்துள்ள எண்களை ஆர்.சி.யிலுள்ள எண்களோடு நம் கண்ணாலேயே ஒப்பிட வேண்டும். எண் அரம் கொண்டு தேய்க்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருப்பின் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை என்று பொருள். அந்நிறுவனம் கையொப்பமிட்ட 35ஆம் எண் படிவமும் கடன் தீர்ந்த சான்றும் இன்றிப் பணம் கொடுத்தல் கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். இதற்குரியவை 29, 30ஆம் எண் படிவங்கள். பிற மாநில வண்டியாயின் 28ஆம் எண் படிவத்தில் ஆட்சேபமின்மைச் சான்றும் தேவை. பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் தீங்கு. பல கை மாறிய ஒரு காரைப் பற்றிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து நட்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்றவர் விபத்துக்குப் பதில் சொல்ல நேரும். வாங்கியவர் வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் தொகை பெறுவதில் இடர்ப்படுவார். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இரு சக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். அதற்குமேல் சோதனைக்கு உட்படுத்திக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஆகையால் 14 ஆண்டு முடிந்த வண்டியை வாங்குவோர் இச்செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவாராக.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் பணி

இவ்விஷயத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக் கூடியதும் உண்டு. கிராம சபை கூடும் நாளில் உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, பழைய வண்டி ஒன்றை நடுவில் நிறுத்திச் சோதிக்கும் முறையை விளக்கிக் காட்டச் செய்யலாம். பெயர் மாற்றப் படிவங்களை நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவலாம். பெயர் மாற்றாமல் ஊரில் ஓடும் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு அதன் தீங்கை எடுத்துரைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியை நோக்கி, நடக்க விட்டு, ஏரில் பூட்டிப் பார்த்த பின்னரே காளைக்கு விலை பேசுவது நம் உழவரின் வழக்கம். இரும்பால் ஆன காளைக்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு நாள் தாமதித்து வாங்குவதால் இழப்பதொன்றுமில்லை. எண்ணும் பெயரும் ஒத்து வந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்போமாக.