பாறையடி நீரும் பாலகர் நலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையே அந்நாட்டார்க்கு ஆறும் ஏரியும் ஆவது. அம்மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது நிலநூலார் கணக்கு. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் கண்கூடு.

மணல் நீரை வடிக்கும். சுண்ணக்கல் அங்ஙனம் வடிப்பதில்லை. மழைநீர் அதனைக் கரைத்து வெடிப்புகளையும் பொந்துகளையும் ஆக்கியுள்ளது. ஒரு வளவில் ஊறிய அழுக்கு அவ்வழியே அயல் வளவுக் கிணற்றை விரைவில் அடையும். வேலிக்காக நீதிமன்றம் ஏறத் தயங்காத ஊரார், வேலிக்குக் கீழே நீர் பொதுவாய் இருத்தலை ஏனோ நினைப்பதில்லை! மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி தூரம் போதும் என்னும் கணக்கும் வெடித்த பாறைக்குப் பொருந்தாது. அடியும் பக்கமும் சீமெந்தினால் அடைத்த தொட்டியே தக்கது.

மலக்குழிக் கசிவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவின்றி இடும் யூரியாவும் நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பெறும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை தாய்மாரை ஏமாற்றுகின்றது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாய்க் குறையக் குறைய அது செறிவு கூடவே செய்யும். ஆகவே குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டார் தம் கிணற்று நீரை முன்னரே பரிசோதிப்பித்தல் வேண்டும். அளவு மிகுந்திருப்பின், குழந்தைக்கு வேறு நல்ல நீரே கொள்ளத்தக்கது.

எண்ணெய் கலப்பின் மணமும் படையும் காட்டிக்கொடுக்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகள் அவ்வாறு பழுதுற்றன. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பாதிப்புற்றோர்க்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது. எனினும் பாறை வெடிப்பிற் புகுந்த எண்ணெயைப் பணங்கொண்டு மீட்டல் எளிதன்று.

பாழ்கிணறுகளைக் குப்பைக் குழியாக்குவோரும் உளர். மண் தடுப்புக்கூட இன்றி, அக்குப்பையின் சாறு நேரே குடிநீர்ப் பாறையினுள் இறங்குகின்றது. அடுத்த மாரிக்கு முன் அவற்றைத் துப்புரவாக்கி மூடிவிடுதல், ஓர் ஊர்ச் சங்கம் சில நாளில் முடிக்கக்கூடிய வேலை.