சதுரக் குறியீடும் உபாத்தியாயரும்

நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகள் சுரங்கத்துக்கு அருகிலேயே வளர்ந்தாலும், பழுப்பு நிலக்கரி பூமிக்கடியில் உண்டான விதத்தைக் கரும்பலகையில் கோடு கிழித்து விளக்க உபாத்தியாயர் படும் சிரமம் சாமானியமன்று. 2018 முதல் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டுவரும் க்யூஆர் குறியீட்டை ‘தீக்‌ஷா’ செயலியால் ஸ்கேன் செய்தால், அப்பாடத்துக்குரிய காணொளி திரையில் தோன்றும். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், வகுப்பில் இணையம் இல்லாமற்போனாலும் பாதகமில்லை. (படத்தை ஓட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்பவருக்கு எந்தச் செயலியாலும் பிரயோஜனமில்லை.)

கணிதத்துக்கோ, 2001-இல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் ஆரம்பித்த ‘ஜியோஜீப்ரா’ மென்பொருளே என் அபிப்பிராயத்தில் சிரேஷ்டமானது: முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுக்க இழுக்க, கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டிருந்தும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே பிடிவாதமாக நிற்பதைக் கண்ட பிள்ளைகள், காரணம் கேட்காமல் விடுவதில்லை.