மறைநிலைக் காசநோய்த் தொற்று: சோதனை காட்டுவதும் காட்டாததும்

ஆய்வுச் சுருக்கம்

காசநோய்க் கிருமி உடலில் புகுந்தும் நோயாக வெளிப்படாத நிலை மறைநிலைக் காசநோய்த் தொற்று எனப்படுகிறது. இந்நிலையைக் கண்டறியப் பயன்படும் சோதனைகள் எவையும் கிருமியை நேரடியாகக் காண்பதில்லை. கிருமியை உடல் எதிர்கொண்டதன் தடயத்தையே காண்கின்றன. இவ்வேறுபாடு, யாரைச் சோதிப்பது, யாருக்கு மருந்தளிப்பது என்னும் பொதுச் சுகாதார முடிவுகளை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை இந்தியச் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், மறைநிலைத் தொற்று, டியூபர்குலின் சோதனை, தடுப்புச் சிகிச்சை, ஐசோனியாசிட், உடனுறைவோர்.

முன்னுரை

உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் காசநோய்த் தொற்றுக்கு ஆளானவர்கள் என மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோருள் சுமார் 31 விழுக்காட்டினரிடம் தொற்றின் அடையாளம் காணப்பட்டது. இவர்களுள் வாழ்நாளில் நோயாளியாக மாறுவோர் 5 முதல் 10 விழுக்காட்டினரே. எஞ்சியோர் எவ்வகை மருந்துமின்றி நலமாகவே வாழ்ந்து முடிப்பர். அந்தச் சிறுபான்மையினரை முன்கூட்டியே இனங்காண்பது எப்படி என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்

இராபர்ட் கோக் 1890இல் காசநோய்க்கு மருந்தென அறிவித்த டியூபர்குலின், மருந்தாகத் தோற்றது. எனினும், தொற்று ஏற்பட்டவரின் தோலில் அது தடிப்பை உண்டாக்கும் இயல்பு பின்னர்ச் சோதனை முறையாக வளர்ந்தது. இன்று மாண்டூ சோதனை என வழங்கும் முறையில், முன்கையின் தோலுக்குள் டியூபர்குலின் செலுத்தப்பட்டு, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் தடிப்பின் குறுக்களவு அளக்கப்படுகிறது. அளக்க வேண்டியது தடிப்பையே அன்றிச் சிவப்பையன்று. பயிற்சி குறைந்த இடங்களில் இவ்விரண்டும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் தொற்று உண்டெனவும், எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு 5 மி.மீ. போதுமெனவும் கொள்ளப்படுகிறது.

இச்சோதனையின் குறை தமிழக மண்ணிலேயே துலக்கமாகப் புலப்பட்டது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகின் மிகப்பெரிய தடுப்பூசி ஆய்வுகளுள் ஒன்று. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அத்தடுப்பூசி பாதுகாப்பளிக்கவில்லை என்னும் அதன் முடிவு பரவலாக அறியப்பட்டது. அதே ஆய்வு, மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களால் அப்பகுதி மக்களுள் பெரும்பான்மையோரின் உடல் ஏற்கெனவே தூண்டப்பட்டிருந்ததையும் வெளிப்படுத்தியது. இச்செய்தி போதிய அளவு பேசப்படவில்லை. பி.சி.ஜி. தடுப்பூசியும் சூழலில் வாழும் இக்கிருமிகளும் டியூபர்குலின் தடிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், தடித்த கை அனைத்தும் காசநோய்த் தொற்றைக் குறிப்பதாகக் கொள்ள இயலாது.

இக்குறையைக் களைய இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை உருவாக்கப்பட்டது. பி.சி.ஜி. கிருமியில் இல்லாத இசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் இரு புரதங்களைக் குருதியுடன் சேர்த்து, நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான் அளவை இது கணிக்கிறது. இதனால் தடுப்பூசியால் எழும் பொய்ச் சாதகம் நீங்குகிறது. ஆனால் ஆய்வகமும் குளிர்பதன வசதியும் செலவும் தேவைப்படுகின்றன. அதே புரதங்களைத் தோலில் செலுத்தும் புதிய தோற்சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றது. அவை தனித்தன்மையில் முன்னையதையும் எளிமையில் பின்னையதையும் ஒத்தவை அல்ல என்று கருதுவதற்கில்லை. மாறாக, குருதிச் சோதனையின் தனித்தன்மையையும் தோற்சோதனையின் எளிமையையும் ஒருங்கே பெற முயல்பவை.

ஆயினும் மூன்று முறைகளுக்கும் ஓர் எல்லை பொதுவானது. அவை காண்பது உடலின் நினைவை. பெர், எடெல்ஸ்டைன், லலிதா ராமகிருஷ்ணன் ஆகியோர் 2018, 2019 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இதனைக் கூர்மையாக எடுத்துரைத்தன. தடுப்புச் சிகிச்சையை முடித்தவர்களிடமும் சோதனை பெரும்பாலும் சாதகமாகவே நீடிக்கிறது. சோதனை சாதகமாக இருந்து, பின்னர் எதிர்ப்பாற்றலை இழந்தவர்களுள்ளும் பெரும்பான்மையோருக்கு நோய் வருவதில்லை. எனவே பலரிடம் கிருமி முற்றிலும் அழிந்த பின்னரும் நினைவு மட்டும் எஞ்சியிருக்கலாம் என்பது அவர்களின் வாதம். நோயாக மாறுவோருள் மிகுதியானோர் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே மாறுகின்றனர் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர். இந்நோக்கில், ‘மறைநிலை’ என்னும் சொல்லாட்சியே கேள்விக்குரியதாகிறது. அச்சொல் ஒவ்வொருவர் உடலிலும் கிருமி பதுங்கியிருப்பதாக எண்ணச் செய்கிறது. சோதனையோ அதனை மெய்ப்பிப்பதில்லை.

யாருக்குச் சிகிச்சை

சோதனை வருவதுரைக்காதெனில், முடிவு சோதனையிலிருந்து தொடங்க இயலாது. ஆளிலிருந்து தொடங்க வேண்டும். நுரையீரல் காசநோய் உறுதியான ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே மூன்று வயதுக் குழந்தையும், நீரிழிவுள்ள மூதாட்டியும், நலமான இளைஞர் ஒருவரும் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டுதல்படி, உடனுறையும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்றுச் சோதனையே தேவையில்லை. நோய் இல்லையென உறுதிசெய்ததும் தடுப்பு மருந்து தொடங்கலாம். எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கும் இதுவே விதி. ஏனையோருக்குச் சோதனையும் ஊடுகதிர்ப் படமும் வசதியுள்ள இடங்களில் செய்யப்படும். அவை கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. சோதனையை இரண்டாம் இடத்தில் வைக்கும் இவ்வணுகுமுறை, வசதிக் குறைவுக்குச் செய்த சமரசமாகத் தோன்றினும், அறிவியல் நோக்கிலும் பொருத்தமானதே. அண்மையில் தொற்றியிருக்கும் வாய்ப்பே இங்கு முதன்மையானது. அதனை மாண்டூ தடிப்பைவிட வீட்டுச் சூழல் தெளிவாகக் காட்டுகிறது.

விலக்க முடியாத படி ஒன்றே: நோய் இல்லை என உறுதிசெய்தல். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கும் கேட்டறியப்பட வேண்டும். நோயுள்ள ஒருவருக்கு ஐசோனியாசிட் மட்டும் அளித்தால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். மேற்கண்ட வீட்டில் மூதாட்டியின் நெடுநாள் இருமலை முதுமையின் இயல்பெனக் கருதி விட்டுவிடுவது, குழந்தைக்கு மருந்து தராமல் விடுவதைவிடப் பெருந்தீங்காக முடியலாம்.

மருந்தும் நிறைவும்

நீண்ட காலமாக ஐசோனியாசிட் ஆறு மாதம் நாள்தோறும் அளிக்கப்பட்டு வருகிறது. ஐரோப்பிய நாடுகள் ஏழில், நுரையீரலில் பழைய வடு இருந்த ஏறத்தாழ 28,000 பேரிடம் நடத்தி 1982இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 24 வாரச் சிகிச்சை நோயை 65 விழுக்காடும் 52 வாரச் சிகிச்சை 75 விழுக்காடும் குறைத்தன. ஆண்டு முழுதும் ஒழுங்காக உட்கொண்டவர்களிடம் குறைவு 93 விழுக்காடு. ஆற்றல் மருந்தில் இருந்தது. இழப்பு கைவிடுதலில் நேர்ந்தது. நலமாக உணரும் ஒருவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எளிதன்று. 2011இல் வெளியான ஆய்வில், ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் இரண்டையும் வாரம் ஒருமுறையாகப் 12 வேளை பெற்றவர்களுள் 82 விழுக்காட்டினர் சிகிச்சையை முடித்தனர். ஒன்பது மாத ஐசோனியாசிட் பெற்றவர்களுள் 69 விழுக்காட்டினரே முடித்தனர்.

மருந்துக்கு விலையும் உண்டு. ஐசோனியாசிட் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். குடிப்பழக்கம் உள்ளோரிடம் இவ்விடர் மிகும். கைகால் மரத்தலைத் தவிர்க்கப் பிரிடாக்சின் உடன் தரப்படுகிறது. ரிஃபாபென்டின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முன்னரே சொல்லாவிடில் அச்சத்தால் பலர் நிறுத்திவிடுவர். கருத்தடை மாத்திரைகளின் பயனையும் அது குறைக்கும்.

மருந்தின் காப்பு சூழலையும் பொறுத்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் அனைவருக்கும் ஐசோனியாசிட் அளித்த ஆய்வு 2014இல் வெளியானது. உட்கொண்ட காலத்தில் நோய் குறைந்தது. நிறுத்தியதும் காப்பு விரைவில் மறைந்தது. சுரங்கச் சமூகத்தில் நோயின் அளவு மாறவில்லை. மறுதொற்று ஓயாத இடத்தில், பரவுதலைத் தடுக்காது தொற்றுக்கு மட்டும் மருந்தளிப்பது போதாமல் போனது.

ஜார்க்கண்டில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியை மேற்கொண்டது. காசநோயாளிகளுடன் உடனுறைந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருள் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்களும் நுண்சத்துகளும் அளிக்கப்பட்டன; மற்றவர்களோடு ஒப்பிட, அவர்களிடம் காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. உணவு பெற அங்கே எவரும் தொற்றுச் சோதனையின் முடிவைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நோயாளியின் வீட்டில் வாழ்ந்ததே தகுதியாக அமைந்தது.